சாமி இல்லீங்க, பாலூட்டி

நாலு மணிக்கு நடுவர்கள் வருவதற்குச் சரியாக ஐந்து மணி இருபது நிமிடம் இருந்தது. அடி அண்ணாமலையில் வேணுவின் பட்டறை வாசலில் நின்றுகொண்டு, உள்ளே கூப்பிடலாமா வேண்டாமா என்று அபிநயா யோசித்துக்கொண்டிருந்தாள்.

யோசிக்கத் தொடங்கி ஏழு நிமிடம் ஆகியிருந்தது.

"துணி சுத்தி ரெடியா வெக்கச் சொல்றேன் மிஸ். நான் காலையிலயே அன்னதானப் பந்தலுக்குப் போயிடுவேன். வீட்ல ஓவியா இருக்கும். கூப்ட்டா எடுத்துக் குடுக்கும்" என்று வேணு முந்தின நாள் சொல்லியிருந்தார். கோயில் வேலை, கடை வேலை, கொலு பொம்மை என்று எது கேட்டாலும் பைபரில் செய்து தருபவர் அவர். ஓவியா அவருடைய மனைவி.

ஓவியா வீட்டுக்குள்ளே போனில் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். நல்ல சூடான சண்டை. அதன் நடுவில் புகுந்து "அக்கா" என்று கூப்பிட அபிநயாவுக்கு மனம் வரவில்லை. இரண்டு முறை தொண்டையைச் செருமினாள். அது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

வாசற்படியின் ஓரத்தில் வெள்ளைத் துணி சுற்றிய உருவம் ஒன்று இருந்தது. இரண்டரை அடி நீளம். அவள் கொடுத்த அளவுதான்.

"இதுதானேம்மா?" என்றார் ஆட்டோ ஓட்டி வந்த ரியாசுதீன்.

"இதுதான் பாய்."

"தூக்கு அப்பறம். மணி ஆவுது."

தூக்கினார்கள். உள்ளே சண்டை தொடர்ந்தது.

அபிநயா விலங்கியல் முதுகலை படித்தவள். இரண்டு வருடத்தில் மூன்று பள்ளிக்கூடங்களில் அறிவியல் ஆசிரியையாக இருந்துவிட்டாள். மூன்றிலும் அவளை அனுப்பிவிட்டார்கள். மூன்றிலும் ஒரே காரணம், குரல். இது நாலாவது பள்ளிக்கூடம். இதன் தாளாளர் கோதண்டராமன் போன வாரம் அவளை அறைக்கு அழைத்திருந்தார்.

"நீ நடத்தற பாடம் மொத பெஞ்சைத் தாண்டலன்னு பசங்க சொல்றாங்க."

அபிநயா ஏதோ சொன்னாள்.

"இன்னாம்மா?"

"இனிமே சத்தமாப் பேசறேன்னு சொன்னேன் சார்."

"பாத்தியா, மேஜையே தாண்டல" என்றார் கோதண்டராமன். "மாவட்ட அறிவியல் கண்காட்சியில நடுவருங்க முன்னால நீயே நின்னு விளக்கணும். பரிசு வந்தா ஜூன்லேர்ந்து உன் வேலை நிரந்தரம். வரலன்னா உனக்கும் கஷ்டம் வேணாம், எனக்கும் கஷ்டம் வேணாம்."

அவர் டைனோசர் வேண்டும் என்று கேட்டார். அபிநயா வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு தாளாளரிடம் முடியாது என்றாள். எல்லாப் பள்ளிக்கூடமும் டைனோசர் கொண்டுவரும். அந்த டைனோசர்களின் காலடியில், விரல் நீளத்துக்கு, மூக்கு நீண்ட ஒரு பிராணி ஓடிக்கொண்டிருந்தது. பெயர் மோர்கனுக்கோடான். பகல் முழுவதும் வளைக்குள் இருந்துவிட்டு, பெரியவர்கள் எல்லாம் தூங்கிய பிறகு வெளியே வந்து, வண்டு பிடித்துத் தின்று, சத்தமே இல்லாமல் பிழைத்த பிராணி. அதைத்தான் இரண்டரை அடிக்குப் பெரிதாக்கிச் செய்யச் சொல்லி வேணுவிடம் கொடுத்திருந்தாள். அதன்மேல் அவளுக்கு ஏன் அவ்வளவு பிரியம் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்கமாட்டாள்.

கண்காட்சி நகரத்தில், பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில். தேதி குறித்தவர்கள் சென்னைக்காரர்கள். அன்றைக்குப் பௌர்ணமி என்பது திருவண்ணாமலையில் நாய்க்கும் பூனைக்கும் தெரியும். அந்தச் சுற்றறிக்கைக்குத் தெரியவில்லை.

ஆட்டோ கால் கிலோமீட்டர்கூடப் போகவில்லை. கிரிவலப் பாதையில் தடுப்பு. தடுப்புக்கு முன்னால் ஒரு பெண் காவலர்.

"வண்டி போவக் கூடாது. திருப்பு."

"திருப்பினா செங்கம் ரோடு, அங்கயும் தடுப்பு மேடம்" என்றார் ரியாசுதீன்.

"அது அங்க இருக்கறவங்க பிரச்சினை. பின்னால இன்னாது துணி சுத்தி? சாமியா?"

ரியாசுதீன் வாயைத் திறப்பதற்குள் அபிநயா சொல்லிவிட்டாள்.

"சாமி இல்லீங்க. பாலூட்டி."

"என்னாது?"

"ஆதிகாலத்துப் பாலூட்டி. டைனோசர் காலத்துல இருந்தது."

பெண் காவலர் தடுப்பை இன்னும் நெருக்கி இழுத்தார். "சாமி வண்டின்னா விடச் சொல்லி ஆர்டர் இருக்கு. டைனோசருக்கு ஆர்டர் இல்ல."

ரியாசுதீன் அபிநயாவைத் தனியாக அழைத்துக்கொண்டு போனார்.

"ஒரே ஒரு வார்த்தை டீச்சரம்மா. சாமின்னு சொல்லிடு. நான் சொன்னா நம்பமாட்டாங்க, தாடியப் பாப்பாங்க. நீ சொன்னா நம்புவாங்க."

"பொய் பாய்."

"சின்னப் பொய்தானே."

"அறிவியல் கண்காட்சிக்குக் கொண்டுபோற பொருளை சாமின்னு சொல்லிட்டுப் போனா, அங்க போய் நான் எந்த வாயால பேசறது?"

"பேசறதுக்கு அங்க போய்ச் சேரணுமே."

"நடந்து போலாம்."

"ஆறு கிலோமீட்டரு!"

அபிநயா அதற்குள் உருவத்தின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். ரியாசுதீன் ஆட்டோவைத் தெரிந்த டீக்கடையின் ஓரமாக நிறுத்திவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே மறுபக்கத்தைப் பிடித்தார்.

கனம் இல்லை. அகலம்தான் தொந்தரவு. கூட்டம் வேறு தோளோடு தோள் உரசிக்கொண்டு போனது. குபேர லிங்கத்தைத் தாண்டியதும் ரியாசுதீன் மூச்சு வாங்கினார். ஒரு வேப்பமரத்தடியில் இறக்கி வைத்தார்கள்.

இறக்கி வைத்ததுதான் தப்பு.

துணி சுற்றிய உருவத்தை இரண்டு பேர் பக்குவமாகச் சுமந்து வந்து மரத்தடியில் வைத்தால், அது கண் திறக்காத புதுச் சாமி. கிரிவலப் பாதையில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. ஒரு நிமிடத்தில் பத்துப் பேர் நின்றார்கள். இரண்டாவது நிமிடத்தில் செருப்பைக் கழற்றினார்கள்.

"எந்த ஊருக்குப் போவுது?" என்று ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"சாமி இல்லீங்க" என்றாள் அபிநயா.

முதல் வரிசைக்கு மட்டும் கேட்டது. இரண்டாவது வரிசை சூடம் தேடிக்கொண்டிருந்தது.

துணியால்தானே இந்தக் குழப்பம்? எடுத்துவிட்டால் தீர்ந்தது. அபிநயா முடிச்சை அவிழ்த்துத் துணியை உருவினாள்.

அவளும் அப்போதுதான் அதை முதல்முறையாகப் பார்த்தாள். நீண்ட மூக்கு, மீசை, பழுப்பு நிறம், கூன் முதுகு. மோசமில்லை. காதைச் சின்னதாக வைக்கச் சொல்லியிருந்தாள், வேணு பெரிதாக வைத்துவிட்டார். வால் கொஞ்சம் கம்மி. முன்னங்கைகளில் வண்டு ஒன்றைப் பிடித்திருப்பதுபோல் கேட்டிருந்தாள். அங்கே உருண்டையாக என்னவோ இருந்தது. பைபர்க்காரருக்கு வண்டுக்குக் கால் வைக்க நேரமில்லை போலிருக்கிறது.

"அட, மூஞ்சூறு!" என்றது கூட்டம். "பிள்ளையாரு வாகனம்!"

"மூஞ்சூறு இல்லீங்க."

"கையில கொழுக்கட்டை கீதே."

"கொழுக்கட்டை இல்லீங்க. வண்டு."

நிரூபிப்பதற்காகப் பையிலிருந்து கறுப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, அந்த உருண்டைக்கு ஆறு கால்களும் இரண்டு உணர்கொம்புகளும் வரைந்தாள். கூட்டம் மூச்சுவிடாமல் பார்த்தது.

"மூஞ்சூறு கையில வண்டு" என்றார் ஒருவர் மெதுவாக. "இது ஏதோ வேற ஐதீகம்."

"வண்டு உருவத்துல அசுரனா இருக்கும்" என்றார் இன்னொருவர்.

யாரோ சூடத்தை ஏற்றி மூக்குக்கு அருகே நீட்டிவிட்டார்கள். பைபர் எவ்வளவு வேகமாகப் பற்றும் என்பது அபிநயாவுக்குத் தெரியும். குனிந்து ஒரே ஊதாக ஊதி அணைத்தாள்.

கூட்டம் திடுக்கிட்டது.

"சூடம் காட்டக் கூடாதுங்க" என்று ரியாசுதீன் முன்னால் வந்து சமாளித்தார். "இதுக்கு நெருப்பு ஆவாது."

"அப்படியா? நெருப்பு ஆவாத சாமியா?"

"ஆவவே ஆவாது" என்றார் ரியாசுதீன் உறுதியாக. அவர் சொன்னது முழு உண்மை.

"சூடம் காட்டாதீங்கப்பா!" என்று பின்னால் சங்கிலியாகச் செய்தி போனது. "இந்தச் சாமிக்குச் சூடம் ஆவாதாம். அந்த அம்மா வாயாலயே அணைச்சிட்டாங்க. பூசாரியம்மா!"

அபிநயாவின் போன் அடித்தது. தெரியாத எண். தெரிந்த எண்ணையே இரண்டு முறை யோசித்துத்தான் அவள் எடுப்பாள். சைலன்ட்டில் போட்டுப் பைக்குள் வைத்தாள்.

இப்படியே விட்டால் நாலு மணிக்குப் போய்ச் சேர முடியாது. சரியான தகவலைச் சொன்னால் மக்கள் புரிந்துகொள்வார்கள். அப்படித்தான் அவள் படித்திருந்தாள். மரத்தடிக் கல்லின்மேல் ஏறி நின்றாள்.

"இது இருபது கோடி வருஷத்துக்கு முன்னால வாழ்ந்த பிராணிங்க" என்றாள்.

இரண்டாவது வரிசைக்கும் கேட்டது.

"எத்தினி?"

"இருபது கோடி!"

நாலாவது வரிசைக்குக் கேட்டது. நாலாவது வரிசையும் செருப்பைக் கழற்றியது.

"மலை வயசு இருக்கும் போலிருக்கே" என்றாள் கன்னத்தில் போட்டுக்கொண்ட அம்மாள்.

"மலை இன்னும் ஜாஸ்திங்க" என்றாள் அபிநயா. தப்பான தகவலை அவளால் அப்படியே விட முடியாது.

அப்போதுதான் ராமன் வந்தார். ஆரணியில் துணிக்கடை வைத்திருப்பவர். கனத்த உடம்பு, இடுப்பில் துண்டு, பக்கத்தில் மனைவி சந்திரகலா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து, உருவத்தையும் அபிநயாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இருபது கோடி வருஷம்னா, நம்ம எல்லாருக்கும் முன்னால இருந்ததா அம்மா?"

"ஆமாங்க. பால் குடுக்கற உயிரெல்லாம் அந்தக் கூட்டத்துலேர்ந்துதான் வந்தது. நீங்க, நான், ஆடு, மாடு எல்லாம்."

"அப்ப இது நமக்கு மூதாதை?"

இங்கே பொத்தாம்பொதுவாக ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அபிநயா அப்படிச் சொல்பவள் இல்லை.

"நேரடி மூதாதைன்னு சொல்ல முடியாதுங்க. பக்கத்துல பிரிஞ்ச கிளை."

"கிளைன்னா, பங்காளி வழியா?"

அபிநயா யோசித்தாள். பரிணாம மரத்தில் அதன் இடத்தை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது என்று தோன்றியது. "கிட்டத்தட்ட அப்படித்தாங்க" என்றாள்.

ராமனின் கண்கள் கலங்கின.

"சந்திரா, கேட்டியா? மூணு தலைமுறையா எங்களுக்குக் குலதெய்வம் எதுன்னு தெரியாதும்மா. எங்க தாத்தா ஊரு விட்டு ஊரு வந்ததுல விட்டுப்போச்சு. ஜோசியருங்க ஆளுக்கொரு திசை காட்டறாங்க. பங்காளிங்க ஒருத்தனும் வாயத் தொறக்கமாட்டேங்கறான். பொண்ணுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கணும், மேல யார் பேரைப் போடறதுன்னு தெரியல."

"இது குலதெய்வம் இல்லீங்க."

"நீதானம்மா சொன்ன, எல்லாருக்கும் முன்னாலன்னு?"

"ஆமா, ஆனா..."

"எல்லாருக்கும்னா அதுல நாங்க சேத்தி இல்லையா?" என்றாள் சந்திரகலா. குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அறிவியல்படி அவர்களும் சேர்த்திதான்.

"சாமி பேரு?" என்றார் ராமன்.

"மோர்கனுக்கோடான். ஆனா சாமி..."

"மோர்கனுக்கோடான்" என்று ராமன் பயபக்தியோடு ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "பேரே சொல்லுது, வேற யுகம்னு. எங்கம்மா எழுந்தருளப் போவுது?"

"பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம். நாலு மணிக்குள்ள போவணும்."

"எத்தினி நாளைக்கு வெக்கறாங்க?"

"ரெண்டு நாளைக்கு."

ராமன் துண்டைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்தார். யாரும் தடுப்பதற்குள் மோர்கனுக்கோடானைத் தூக்கி அதன்மேல் ஏற்றிக்கொண்டார்.

"பங்காளிச் சாமியை நீங்க ரெண்டு பேரும் தூக்கறதா? நான் எதுக்கு இருக்கேன்?"

அபிநயா தடுக்கப் போனாள். ரியாசுதீன் அவள் காதருகே வந்தார்.

"வேணாம்மா. நம்மால ஆவாததை அந்தாளு செய்றாரு. விடு."

"அவங்க தப்பா நினைச்சிட்டிருக்காங்க பாய்."

"நினைக்கட்டும். நேரா ஊருக்குத்தானே போறாங்கோ."

"தப்புன்னு தெரிஞ்சும் சும்மா இருந்தா நானும் பொய் சொன்ன மாதிரிதானே?"

ரியாசுதீன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு நூறு அடிக்கு ஒருமுறை அபிநயா முன்னால் ஓடினாள். கல் கிடைத்தால் கல்மேல், தண்ணீர்த் தொட்டி கிடைத்தால் தொட்டி விளிம்பில், ஒன்றும் கிடைக்காத இடத்தில் குதிகாலை உயர்த்தி நின்று கத்தினாள்.

"இது சாமி இல்லீங்க! பாலூட்டி!"

"அரோகரா!" என்றது கூட்டம்.

"ராத்திரியில மட்டும் வெளிய வரும்! பூச்சி தின்னும்!"

"அரோகரா!"

"இதுக்குத்தான் மொதமொதல்ல பால்பல் விழுந்து வேற பல் முளைச்சுது!"

"மோர்கனுக்கோடானுக்கு..." என்று ராமன் தலைச்சுமையோடு எடுத்துக் கொடுத்தார்.

"அரோகரா!"

சொன்னதையே சொன்னால் பலன் இல்லை என்று அவள் புதிது புதிதாகச் சொன்னாள். தாடை எலும்பைப் பற்றிச் சொன்னாள். நம் காதுக்குள் இருக்கும் குட்டி எலும்புகள் ஒருகாலத்தில் தாடையில் இருந்ததையும், இந்தப் பிராணியிடம் அவை பாதி வழியில் நின்றதையும் சொன்னாள். கூட்டம் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது. கையில் குழந்தை வைத்திருந்த ஒருவர், "இன்னொரு வாட்டி சொல்லும்மா, இவன் தாத்தா பின்னால வராரு" என்றார். அபிநயா இன்னொரு முறை சொன்னாள். வயிற்றிலிருந்து ஒரு குரல் வந்தது. அவளிடம் அப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கே தெரியாது.

அடுத்த தடுப்பில் காவலர்கள் கேள்வியே கேட்கவில்லை. தடுப்பை இழுத்து ஒதுக்கி வழிவிட்டார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

"சாமி இல்லீங்க" என்று அவரிடமும் அபிநயா சொன்னாள்.

"சரிங்கம்மா" என்று அவர் கும்பிட்டார்.

இடுக்குப் பிள்ளையார் கோயில் வந்தபோது மணி இரண்டே முக்கால். குறுகலான வழியில் ஊர்ந்து வெளியே வருவதற்காக வரிசையில் நின்றவர்கள் ராமன் தலையில் இருந்ததைப் பார்த்தார்கள்.

"முதலாளியப் பாக்க வந்திருக்கு!" என்று ஒரு குரல். அவ்வளவுதான். இரண்டு கூட்டமும் ஒன்றாகக் கலந்தது. ராமனால் அசைய முடியவில்லை. உருவத்தை இறக்கிக் கோயிலைப் பார்த்தபடி வைத்தார்கள். அருகம்புல் மாலை விழுந்தது. அதன்மேல் இன்னொன்று.

இங்கே மாட்டிக்கொண்டால் முடிந்தது. அபிநயாவிடம் கடைசியாக ஓர் ஆதாரம் இருந்தது. மூஞ்சூறு இல்லை என்பதற்கு யாரும் மறுக்க முடியாத ஆதாரம். பைக்குள்ளிருந்து பஞ்சு வைத்த டப்பாவை எடுத்தாள். அவளே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் செய்த இரண்டு முட்டைகள்.

"பாருங்க! மூஞ்சூறு குட்டிதானே போடும்? இது முட்டை போட்டிருக்கும்னு விஞ்ஞானிங்க சொல்றாங்க! அப்ப இது எப்படி மூஞ்சூறாகும்?"

கூட்டம் அடங்கியது. அப்பாடா என்று இருந்தது அவளுக்கு.

"முட்டை போட்டா, பால் குடுக்காதே?" என்றாள் முன்னால் நின்ற ஒரு பெண்.

"குடுக்கும். முட்டையும் போடும், பாலும் குடுக்கும். ரெண்டும்."

அந்தப் பெண் பக்கத்தில் நின்ற கணவனைப் பார்த்தாள். கணவன் தலையாட்டினான். அவள் கையிலிருந்த சின்ன மரத்தொட்டிலை மோர்கனுக்கோடானின் வாலில் மஞ்சள் கயிற்றால் கட்டினாள். அவளுக்குப் பின்னால் வரிசை ஒன்று உருவாகத் தொடங்கியது.

"டீச்சரம்மா," என்றார் ரியாசுதீன், "ஒரு வேண்டுகோள். இனிமே ஒண்ணும் நிரூபிக்காத."

போன் பைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது. அவள் கவனம் கடிகாரத்தில் இருந்தது. மூன்று பத்து.

அவள் ராமனிடம் போனாள். "ஐயா, நாலு மணிக்கு அங்க இல்லன்னா என் வேலை போயிடும்."

"வேலைன்னா?"

"டீச்சர் வேலை."

ராமன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நேரம் ஆவுதுப்பா! நாலு மணிக்கு முகூர்த்தமாம்! வழிய விடு!"

அவள் இருபத்தைந்து நிமிடம் கத்தியும் அசையாத கூட்டம் ஒரு நொடியில் இரண்டாகப் பிரிந்தது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு ஊர்வலம் பள்ளிக்கூடத்து வாசலில் நுழைந்தது. முன்னால் யாரோ கொண்டுவந்து சேர்த்த பம்பை. நடுவில் ராமன். பின்னால் எப்படிப் பார்த்தாலும் இருநூறு பேர். உள்ளே பதினெட்டு டைனோசர்கள் வரிசையாக நின்றன. அவற்றைப் பார்க்க வந்த பெற்றோர்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள்.

கோதண்டராமனின் முகம் செங்கல் நிறத்தில் இருந்தது.

"அபிநயா! அறிவியல் கண்காட்சிக்கு வந்தியா, சாமி ஊர்வலம் வந்தியா? பள்ளிக்கூடத்து மானத்தையே..."

"சார்! இது சாமி இல்ல! பாலூட்டி!"

மூன்று மாடியிலும் கேட்டது. மாடியில் எரிமலை வைத்திருந்த குழந்தைகள் எட்டிப் பார்த்தார்கள். கோதண்டராமன் ஓரடி பின்வாங்கி, காதைத் தேய்த்துக்கொண்டார்.

மாலைகளைக் கழற்றி, மேஜைமேல் வைத்து, முட்டைகளை முன்னால் அடுக்குவதற்குள் நடுவர்கள் வந்துவிட்டார்கள். தலைமை நடுவர் கல்லூரியில் முப்பத்தெட்டு வருடம் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற பேராசிரியை. மூக்குக்கண்ணாடியை இறக்கி உருவத்தைப் பார்த்தார். வாலில் இருந்த தொட்டிலைப் பார்த்தார். அதை அவிழ்க்க அபிநயா மறந்திருந்தாள்.

"சொல்லுங்க."

அபிநயா சொன்னாள். தயங்கவில்லை. காலையிலிருந்து நாற்பது தடவை சொன்னதுதானே. வளை, வண்டு, பால்பல், தாடை, காது எலும்பு. பேராசிரியை குறுக்கே மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றையும் இதைவிடக் கடினமாக இடுக்குப் பிள்ளையார் வரிசையில் ஏற்கெனவே கேட்டிருந்தார்கள்.

பேராசிரியை திரும்பி, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ராமனைப் பார்த்தார்.

"நீங்க பெற்றோரா?"

"ஆரணிங்க. துணிக்கடை."

"இவங்க சொன்னது உங்களுக்குப் புரிஞ்சுதா?"

"ஏன் புரியாம?" என்றார் ராமன். "பால்பல்லு விழுந்து மறுபடி முளைச்ச மொத வம்சம். ராத்திரி நடமாட்டம். காது எலும்பு இன்னும் தாடைய விட்டு முழுசாப் பிரியல. நமக்கு நேர் மூதாதைன்னு சொல்லக் கூடாது, பங்காளி."

பேராசிரியை பேனாவை எடுத்து வெகுநேரம் எழுதினார். எழுதி முடித்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஐந்தரைக்கு மேடையில் முடிவு சொன்னார்கள்.

"அறிவியலை மக்கள்கிட்ட கொண்டுபோவணும்னு எல்லாரும் பேசறோம்" என்றார் பேராசிரியை மைக்கில். "இந்தப் பெண் தெருவுல எடுத்துட்டுப் போயிருக்காங்க. ஒரு இடத்துலகூட உண்மையைச் சமரசம் பண்ணிக்கல. மாதிரியைப் பத்தியும் சொல்லணும். இந்த மாதிரிப் பிராணிகளைச் செய்றவங்க இஷ்டத்துக்குக் கற்பனை கலந்துடுவாங்க. இதுல அது துளிகூட இல்ல. புதைபடிவ ஆதாரம் என்ன சொல்லுதோ அதை அப்படியே செஞ்சிருக்காங்க. முதல் பரிசு!"

பம்பை அடித்தது. "அரோகரா" என்று பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர் கைதட்டினார்கள். ரியாசுதீன் இரண்டும் செய்யாமல் நாற்காலியில் சரிந்து கண்ணை மூடினார்.

கோதண்டராமன் மைக்கைப் பிடித்துக்கொண்டார். "எங்கள் பள்ளியின் நிரந்தர அறிவியல் ஆசிரியை அபிநயா அவர்கள்..." என்று ஆரம்பித்து, நிரந்தர என்ற சொல்லை மூன்று முறை அழுத்திச் சொன்னார். புகைப்படக்காரர்கள் வந்தார்கள். கேடயம் அபிநயா கையில் இருந்தது. ஒரு நிருபர், இது உண்மையில் மூஞ்சூறு மாதிரியே இருக்கிறதே என்று கேட்டார்.

"பாக்கறவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றாள் அபிநயா, மைக் இல்லாமலே எல்லோருக்கும் கேட்கும்படி. "அறிவியல்ல பாத்த உடனே ஒரு முடிவுக்கு வரக் கூடாதுங்க. ஆதாரத்தைப் பாக்கணும்."

கைதட்டல் அடங்குவதற்குள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஒரு பெண் மேடைக்கு ஓடி வந்தாள். தலை கலைந்திருந்தது. இரண்டு கையிலும் போர்வை சுற்றிய எதையோ அணைத்துப் பிடித்திருந்தாள். வேணுவின் மனைவி ஓவியா.

"மிஸ், எத்தினி வாட்டி போன் அடிக்கறது!" என்றாள் மூச்சு வாங்க. அப்படியே போர்வையை விலக்கினாள். சின்னக் காது, நீண்ட வால், கையில் ஆறு காலோடு ஒரு வண்டு. "பெயின்ட் காயலன்னு உங்களுத மாடியில வெச்சிருந்தேன். இந்தாங்க, புடிங்க. நீங்க எடுத்துட்டு வந்தது எங்க தெருக் கோயில் மூஞ்சூறு வாகனம். அதைக் குடுத்துடுங்க. பகல் பன்னெண்டு மணிக்கே சாமி பொறப்பாடு, பூசாரி இன்னும் பிள்ளையாரைக் கையிலயே வெச்சிக்கிட்டு நிக்கறாரு."